ஆற்றின் நாடி பார்த்த அம்மையார்

என் பாட்டி வீட்டுக் கூடத்து மாடத்தில் ஒரு தேற்றாங்கொட்டை எப்போதும் இருக்கும். ஆற்றில் புதுவெள்ளம் வந்துவிட்டால் குடத்துத் தண்ணீர் காவி நிறமாக இருக்கும். பாட்டி குடத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை நாலு இழைப்பு இழைத்துவிட்டுத் தண்ணீரை ஊற்றி வைப்பாள். சிறிது நேரத்தில் மண்ணெல்லாம் அடியில் படிந்து, மேலே தண்ணீர் பளிங்கு போல் தெளிந்துவிடும். சிறுவனாக இருந்த எனக்கு அது பெரிய மாயவித்தை. ஆனால் பாட்டி அதோடு திருப்தி அடைந்துவிட மாட்டாள்.

"தெளிஞ்சுட்டா நல்ல தண்ணின்னு அர்த்தமாடா?" என்பாள்.

கிணற்றுத் தண்ணீருக்கு அவளிடம் வேறொரு பரீட்சை இருந்தது. கிணற்றில் நாலைந்து கெண்டைக் குஞ்சுகளை விட்டு வைத்திருந்தாள். விடியற்காலையில் முதல் வாளி இறைக்குமுன் குனிந்து பார்ப்பாள். மீன்கள் ஓடினால் தண்ணீருக்குக் குறைவில்லை. ஒரு மீன் மிதந்தாலும் அன்று அந்தத் தண்ணீரை யாரும் வாயில் வைக்கக் கூடாது.

பாட்டி போய்ப் பல வருஷங்கள் ஆகிவிட்டன. ரூத் பாட்ரிக் என்ற அமெரிக்க அம்மையாரின் வாழ்க்கையைப் பற்றிப் படித்தபோதுதான் அந்தக் கெண்டைக் குஞ்சுகள் மறுபடி என் நினைவில் துள்ளின. தண்ணீரின் நல்லது கெட்டதைத் தண்ணீரைக் கேட்டுத் தெரிந்துகொள்வதைவிட, அதில் வாழும் பிராணிகளைக் கேட்டுத் தெரிந்துகொள்வதே மேல் என்று உலகத்துக்கு நிரூபித்தவர் அவர். பாட்டி நாலு மீனைக் கேட்டாள். அம்மையார் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக் கணக்கான ஜீவன்களைக் கேட்டார். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அந்த வித்தியாசத்தில் ஒரு சாஸ்திரமே பிறந்தது.

* * *

ரூத் பாட்ரிக் 1907ஆம் வருஷம் நவம்பர் மாதம் அமெரிக்காவில் கான்ஸாஸ் மாகாணத்து டொபீகா நகரில் பிறந்தார். தகப்பனார் வக்கீல். ஆனால் மனசு முழுவதும் கோர்ட்டில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் பெண் குழந்தைகளை அழைத்துக்கொண்டு ஓடைக் கரைகளுக்குக் கிளம்பிவிடுவார். புழு, காளான், செடி, கல் எது அகப்பட்டாலும் வீட்டுக்கு வரும். வீட்டில் சுருட்டி மூடும் பெரிய மேஜை ஒன்று இருந்தது. அதன் மூடியைத் தள்ளி உள்ளேயிருந்து மைக்ராஸ்கோப்பைத் தகப்பனார் வெளியே எடுக்கும் வேளைதான் அந்தச் சிறுமிக்குத் திருவிழா. ஏழு வயதில் அவளுக்கென்றே ஒரு மைக்ராஸ்கோப்பு வாங்கிக் கொடுத்துவிட்டார்.

தாயாருக்கு இதில் அவ்வளவு சம்மதம் இல்லை. நல்ல இடத்தில் வாழ்க்கைப்பட வேண்டிய பெண் நயமாகப் பேசவும் பழகவும் கற்றுக்கொண்டால் போதாதா என்பது அந்த அம்மாளின் கட்சி. இந்த வழக்கில் வக்கீல்தான் ஜயித்தார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. பிற்காலத்தில் மகள் சார்லஸ் ஹாட்ஜ் என்ற பூச்சி ஆராய்ச்சிக்காரரை மணந்தபோது, விஞ்ஞான உலகில் பாட்ரிக் என்ற பெயரையே வைத்துக்கொள்ள வேண்டும் என்று தகப்பனார் கேட்டுக்கொண்டார். மகளும் அப்படியே செய்தார்.

அந்தக் குழந்தை மைக்ராஸ்கோப்பில் கண்டு மயங்கியது டயாட்டம் என்ற நுண்பாசியை. ஒரே உயிரணுவால் ஆன பாசி அது. குளத்தில் இறங்கும்போது படிக்கட்டில் காலை வழுக்கிவிடுகிறதே, அந்தப் பழுப்பு வழுவழுப்பில் லட்சக் கணக்கில் இருக்கும். ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றிக் கண்ணாடிப் பொருளால் ஒரு சிமிழ் செய்துகொள்கிறது. அடிப்பாகம் ஒன்று, மேல்மூடி ஒன்று. அந்தச் சிமிழின் மேல் இருக்கிற கோடும் புள்ளியும் ஜாதிக்கு ஜாதி வேறுபடும். நம் ஊர்த் தட்டாருக்குக் காட்டினால் ஒரு நாழிகை பேச்சில்லாமல் உட்கார்ந்துவிடுவார். நாம் சுவாசிக்கும் பிராணவாயுவில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு இந்தப் பாசிகள் உண்டாக்கித் தந்தது என்று விஞ்ஞானிகள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

டயாட்டத்துக்கு இரண்டு குணங்கள் உண்டு. முதலாவது, ஒவ்வொரு ஜாதிக்கும் நீரில் ஒவ்வொரு ருசி. ஒன்றுக்கு உப்பு வேண்டும். இன்னொன்று உப்புப் பட்டால் செத்துவிடும். ஒன்று சாக்கடைச் சத்தில் கொழுக்கும். இன்னொன்று மலை ஊற்றில்தான் பிழைக்கும். இரண்டாவது, பாசி செத்தாலும் கண்ணாடிச் சிமிழ் மக்குவதில்லை. அடிச் சேற்றில் வருஷக் கணக்கில், யுகக் கணக்கில் கிடக்கிறது. ஆகையால் டயாட்டத்தைப் படிக்கத் தெரிந்தவருக்கு இன்றைய நீரின் குணமும் தெரியும். பழைய நீரின் சரித்திரமும் தெரியும்.

ரூத் பாட்ரிக் படிக்கத் தெரிந்தவராக ஆனார். 1929இல் கோக்கர் கல்லூரியில் பட்டம் பெற்று, 1934இல் வர்ஜீனியா சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் வாங்கினார். ஆராய்ச்சிப் பொருள் என்ன தெரியுமா? சயாமிலும் மலேயாவிலும் கிடைத்த டயாட்டங்கள். நம்மவர்கள் ரப்பர் தோட்டங்களில் வியர்வை சிந்திக்கொண்டிருந்த அதே மலேயாவின் நீர்த்துளிகளை ஓர் அமெரிக்கப் பெண் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதை நினைக்க எனக்கு விசித்திரமாக இருக்கிறது.

* * *

பிலடெல்பியா நகரில் இயற்கை விஞ்ஞான அகாதமி என்ற பழம்பெரும் ஸ்தாபனம் இருக்கிறது. நாட்டிலேயே சிறந்த டயாட்டச் சேகரிப்புகளில் ஒன்று அங்கே இருந்தது. 1933இல் ரூத் அங்கே போய்ச் சேர்ந்தார். வேலை செய்யலாம், தடையில்லை; ஆனால் சம்பளம் கிடையாது. பெண்கள் என்றால் அப்படித்தான் என்றார்கள். உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு வரக் கூடாது என்றும் ஒரு நிபந்தனை. சாயத்துக்கும் நுண்பாசிக்கும் என்ன விரோதமோ தெரியவில்லை.

வயிற்றுப்பாட்டுக்கு அவர் பெண்களுக்கான தோட்டக்கலைப் பள்ளி ஒன்றில் பாடம் சொல்லிக் கொடுத்தார். டெம்பிள் சர்வகலாசாலைக்காகக் கோழிக்குஞ்சுக் கருக்களைச் சீவிக் கண்ணாடித் தகடுகள் தயாரித்துக் கொடுத்தார். மிச்ச நேரமெல்லாம் அகாதமியில் டயாட்டம். 1945இல்தான் அவர் பெயர் சம்பளப் பட்டியலில் ஏறியது. பன்னிரண்டு வருஷம்! ராமன் வனவாசம் போனது பதினாலு வருஷம். ஏறக்குறையச் சரியாக வருகிறது.

அந்த வனவாச காலத்திலும் அவர் சும்மா இருக்கவில்லை. யூட்டா மாகாணத்துப் பெரிய உப்பு ஏரியின் அடிச்சேற்றை எடுத்து, அதில் புதைந்திருந்த டயாட்டச் சிமிழ்களை வாசித்து, அந்த ஏரி எப்போதும் உப்பு ஏரியாக இருந்ததில்லை என்று காட்டினார். வர்ஜீனியாவுக்கும் வட கரோலினாவுக்கும் நடுவே 'பெரிய துயரச் சதுப்பு' என்று பொருள்படும் பெயர் கொண்ட ஒரு கரையோரச் சதுப்பு நிலம் உண்டு. அது ஒரு காலத்தில் காடாக இருந்து, கடல் நீர் புகுந்து மூழ்கிய இடம் என்பதையும் டயாட்டங்களே அவருக்குச் சொல்லிக் கொடுத்தன. சாட்சி சொல்ல மனிதன் ஒருவன்கூட இல்லாத வழக்கில் பாசி வந்து கூண்டில் ஏறியது.

* * *

இரண்டாவது உலக யுத்தம் முடிந்த சமயம். அமெரிக்காவில் தொழிற்சாலைகள் இரவு பகலாக ஓடின. ஆறுகள் கறுத்தன. ஆறு கெட்டுவிட்டதா, எவ்வளவு கெட்டிருக்கிறது, யாரால் கெட்டது என்ற கேள்விகள் எழுந்தன. அந்நாளில் இதற்குப் பெரும்பாலும் ரசாயனப் பரீட்சைதான். ஒரு சீசாவில் நீர் எடுத்துச் சோதிப்பார்கள்.

இதில் ஒரு தொல்லை உண்டு. சீசா எடுத்த நேரத்தில் ஓடிய நீரைப் பற்றி மட்டுமே சீசாவுக்குத் தெரியும். நள்ளிரவில் ஒரு மதகைத் திறந்து விஷத்தை விட்டுவிட்டு விடியுமுன் மூடிவிட்டால், காலையில் வரும் சீசாவுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் ஆற்றிலேயே குடியிருக்கிறவர்களுக்குத் தெரியும். பாசிக்கும், நத்தைக்கும், பூச்சிக்கும், மீனுக்கும் தப்பிப் போக இடமில்லை. முந்திய வாரம் நடந்ததெல்லாம் அவற்றின் குடும்பக் கணக்கில் பதிந்திருக்கும்.

உயிர்களை வைத்து நீரை மதிப்பிடும் யோசனை அதற்கு முன்பே ஜெர்மனியில் தோன்றியிருந்தது. இன்ன பிராணி இருந்தால் நீர் அசுத்தம் என்று அங்கே பட்டியல் போட்டிருந்தார்கள். ரூத் பாட்ரிக் ஒரு படி மேலே போனார். ஒரே ஒரு பிராணியை நம்பக் கூடாது. ஊர் முழுவதையும் பார்க்க வேண்டும் என்றார். அவருடைய பிரசங்கம் ஒன்றைக் கேட்ட எண்ணெய்க் கம்பெனி அதிகாரி ஒருவர் பணம் திரட்டிக் கொடுக்க முன்வந்தார். 1947இல் அகாதமியில் நன்னீர் ஆராய்ச்சிக்கென்று ஒரு பகுதி ஏற்பட்டது. 1948இல் பென்ஸில்வேனியாவில் கானஸ்டோகா ஆற்றுப் படுகையில் ஆராய்ச்சி தொடங்கியது.

ரசாயன நிபுணர், பாக்டீரியா நிபுணர், பாசி நிபுணர், பூச்சி நிபுணர், மீன் நிபுணர் என்று ஒரு கோஷ்டியைச் சேர்த்துக்கொண்டு அம்மையார் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸுடன் நீரில் இறங்கினார். ஒவ்வோர் இடத்திலும் எத்தனை ஜாதிகள் உண்டு, ஒவ்வொன்றிலும் எத்தனை உருப்படி என்று எண்ணினார்கள். பிராணிகளையும் தாவரங்களையும் ஏழு வகுப்பாகப் பிரித்து ஏழு தூண்களாக வரைந்தார். தூண்கள் ஒரே சீராக உயர்ந்து நின்றால் ஆறு ஆரோக்கியம். சில குட்டையாகி, சில தாறுமாறாக நீண்டால் நோய்.

இந்த முடிவை நான் என் சொந்த ஊர் அனுபவத்தில் வைத்துப் பார்க்கிறேன். நல்ல குளத்தில் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். அயிரை, கெண்டை, விரால், தலைப்பிரட்டை, நத்தை, தட்டான், அல்லி, கொட்டி. எதுவும் கும்மாளம் போடாது. கெட்ட குளத்தில் உயிரே இராது என்று நாம் நினைக்கிறோம்; அப்படியில்லை. ஆகாயத்தாமரை கரை தெரியாமல் மூடிக் கிடக்கும். சேற்றில் ஒரே ஜாதிச் சிவப்புப் புழு கோடிக் கணக்கில் நெளியும். தலை எண்ணிப் பார்த்தால் நல்ல குளத்தைவிட அதிகம். ஜாதி எண்ணிப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். நாவல் எழுதுகிறவனுக்கு இது சுலபமாகப் புரிகிறது. ஒரு தெருவில் எல்லோரும் ஒரே மாதிரி பேசத் தொடங்கிவிட்டால் அந்தத் தெருவுக்கு ஏதோ நேர்ந்திருக்கிறது.

பிறகு அவர் ஒரு கருவியும் செய்தார். டயாட்டோமீட்டர் என்று பெயர். பெரிய யந்திரம் என்று நினைத்துவிட வேண்டாம். மைக்ராஸ்கோப்புக்குரிய கண்ணாடித் தகடுகளைச் செருகிய ஒரு சிறு பெட்டி, அவ்வளவே. அதை ஆற்றில் மிதக்கவிட்டு விடுவார்கள். சில நாட்களில் டயாட்டங்கள் தாமாகவே வந்து தகட்டில் குடியேறும். எடுத்துப் பார்த்தால் ஆற்றின் ஜாதகம் அதில் எழுதியிருக்கும். 1954இல் இதைப் பற்றிய கட்டுரை வெளியாயிற்று.

* * *

இங்கே வாசகர்களிடம் ஒரு சந்தேகத்தை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இந்த அம்மையாருக்குப் பணம் கொடுத்தவர்களில் பலர் தொழிற்சாலைக்காரர்கள். 1951இல் டூபான்ட் கம்பெனி அரசாங்கத்துக்காக ஸவானா ஆற்றங்கரையில் அணு உலை கட்டியபோது அந்த ஆற்றை ஆராய்ந்தவர் அவரே. 1975இல் அதே கம்பெனியின் டைரக்டர் குழுவில் முதல் பெண்ணாக அமர்ந்தார். 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்று வளர்ந்தவர்கள் நாம். ஆற்றைக் கெடுக்கக் கூடியவனிடம் சம்பளம் வாங்கிக்கொண்டு ஆற்றுக்காகப் பேச முடியுமா?

இதைப் பல நாள் யோசித்தேன். முழுச் சமாதானம் கிடைத்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஸவானா விஷயத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உலை ஓடத் தொடங்கும் முன்பே ஆற்றில் என்னென்ன உயிர்கள் இருந்தன என்று எண்ணி எழுதி வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகும் பல பத்து வருஷங்களாக எண்ணிக்கொண்டே வந்தார்கள். 'ஆறு எப்போதும் இப்படித்தான் இருந்தது' என்று பின்னாளில் யாரும் கையை விரிக்க முடியாதபடி செய்துவிட்டது அந்த முதல் கணக்கு. தொழிற்சாலையை வெளியே நின்று திட்டுவதைவிட உள்ளே போய்க் கணக்கைக் காட்டுவது பயன் தரும் என்பது அவர் கட்சி. அது எல்லாக் கம்பெனிக்கும் எல்லாக் காலத்துக்கும் பொருந்துமா என்பது வேறு கேள்வி. கணக்கைத் திருத்தி எழுதாத கைகளிடம் கொடுத்தால்தான் பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது.

* * *

அவருடைய கணக்கு ஒரு நிலத்தைக் காப்பாற்றிய கதையையும் சொல்லிவிடுகிறேன்.

பிலடெல்பியா விமான நிலையத்துக்குப் பக்கத்தில் டினிகம் சதுப்பு என்று ஓர் இடம். டெலவேர் ஆற்றின் கழிமுகப் பகுதி. கடலின் ஓதம் ஆற்று வழியாக ஏறி வந்து, நன்னீரையே ஒரு நாளைக்கு இரண்டு தடவை அந்தச் சதுப்புக்குள் தள்ளி, மறுபடி வடித்துக்கொண்டு போகும். வெள்ளைக்காரர்கள் அங்கே குடியேறிய பதினேழாம் நூற்றாண்டில் அந்தச் சதுப்பு 5,000 ஏக்கருக்கும் மேல் இருந்தது. வரப்புப் போட்டு மாடு மேய்த்தார்கள். பிறகு தூர்த்து ஊர் கட்டினார்கள். 1960களின் கடைசியில் சில நூறு ஏக்கர்தான் மிஞ்சியது. அதிலும் ஒரு பக்கம் குப்பை கொட்டினார்கள். இன்னொரு பக்கம் பெரிய நெடுஞ்சாலை ஒன்றை அதன் வழியே போடத் திட்டமிட்டார்கள். நாற்றமடிக்கும் சேற்று நிலம்தானே, யாருக்கு என்ன நஷ்டம் என்பது பொது அபிப்பிராயம்.

இயற்கை அன்பர்கள் பறவைகளைச் சொன்னார்கள், அழகைச் சொன்னார்கள். எஞ்சினீயர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். பறவைக்காகச் சாலையை வளைக்க முடியுமா?

அப்போது ரூத் பாட்ரிக் ஒரு சகாவுடன் போய்ச் சதுப்பின் நீரை அளந்தார். சுற்றியிருந்த ஊர்களின் சாக்கடை நிலையங்களிலிருந்து வரும் நீர் அதன் வழியாகத்தான் போயிற்று. உள்ளே நுழையும் நீர் எப்படி இருக்கிறது, வெளியேறும் நீர் எப்படி இருக்கிறது என்று ஒப்பிட்டார்கள். கழிவு அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயுவை விழுங்கிவிடும். மீன்கள் மூச்சுத் திணறிச் சாவது அதனால்தான். 512 ஏக்கர் சதுப்பு, நாள் ஒன்றுக்கு 7.7 டன் பிராணவாயுவை விழுங்கக் கூடிய கழிவை நீரிலிருந்து அகற்றுவதாகக் கணக்கு வந்தது. பாஸ்பரஸ், நைட்ரஜன் உப்புகளும் குறைந்தன. வெளியேறும் நீரில் பிராணவாயு கூடியிருந்தது. நாணல் தண்டிலும் சேற்றிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் பாக்டீரியாவும் பாசியும் கூலி வாங்காமல் இந்தத் தோட்டி வேலையைச் செய்துகொண்டிருந்தன. பன்னிரண்டு வருஷம் கூலியில்லாமல் வேலை செய்தவருக்கு அந்த ஜீவன்களின் அருமை தெரிந்ததில் ஆச்சரியமில்லை.

1970இல் அந்த ஆராய்ச்சி அச்சாகி வந்தது. இப்போது எஞ்சினீயர்களால் மரியாதையாகக் கேட்டுவிட்டுப் போக முடியவில்லை. சதுப்பைத் தூர்த்தால் அந்த வேலையைச் செய்ய யந்திரம் வைக்க வேண்டும். யந்திரத்துக்கு என்ன விலை என்று கேட்டாக வேண்டும். வழக்குகள், கூட்டங்கள், ஜனங்களின் விண்ணப்பங்கள் எல்லாம் சேர்ந்து சாலையின் தடத்தை மாற்றின. குப்பை கொட்டுவதையும் நிறுத்தின. 1972இல் அமெரிக்கக் காங்கிரஸ் சட்டம் இயற்றி 1,200 ஏக்கரை அங்கே பாதுகாப்புக்காக வாங்க அதிகாரம் கொடுத்தது. நாட்டு நீர்நிலைகள் அனைத்துக்குமான சுத்த நீர்ச் சட்டமும் அதே வருஷம் வந்தது.

ஒன்றை மட்டும் மறந்துவிடக் கூடாது. சதுப்பு சாக்கடையைச் செரிக்கும். எல்லா விஷத்தையும் செரிக்காது. டினிகத்தில் முன்பு கொட்டிய குப்பை மேட்டிலிருந்து நஞ்சு கசிவதாகக் கண்டு, அந்தப் பிரதேசத்தை அமெரிக்க அரசாங்கம் 2001இல் அபாயக் கழிவு இடங்களின் பட்டியலில் சேர்க்க வேண்டியதாயிற்று. தாய் எதையும் பொறுப்பாள் என்று பிள்ளை எதையும் செய்யலாமா?

* * *

கௌரவங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1970இல் தேசிய விஞ்ஞான அகாதமி அவரை அங்கத்தினராகத் தேர்ந்தெடுத்தது. சம்பளம் தர மறுத்த பிலடெல்பியா அகாதமியே 1973இல் அவரைத் தன் நிர்வாக சபைக்குத் தலைவியாக்கியது. 1975இல் டைலர் பரிசு கிடைத்தது. 1996இல் நாட்டின் மிக உயர்ந்த விஞ்ஞானப் பதக்கம் கிடைத்தது. தொண்ணூறு வயதைத் தாண்டிய பிறகும் வேலைக்கு வந்துகொண்டிருந்தார். 2013ஆம் வருஷம் செப்டம்பர் 23ஆம் தேதி, 105ஆவது வயதில் காலமானார்.

இதையெல்லாம் படித்த பிறகு ஊருக்குப் போயிருந்தேன். பாட்டியின் கிணறு தூர்ந்துவிட்டது. வீட்டுக்கு இப்போது குழாய்த் தண்ணீர் வருகிறது, தெளிவாகத்தான் வருகிறது. சாயங்காலம் ஊர்க் குளக்கரையில் போய் உட்கார்ந்தேன். ஆகாயத்தாமரை பாதிக் குளத்தை மூடியிருந்தது. மீதிப் பாதியில் என்னென்ன உயிர் தென்படுகிறது என்று விரல் விட்டு எண்ணத் தொடங்கினேன். தட்டானில் இரண்டு ஜாதி, நத்தை ஒன்று, தவளை ஒன்று, பெயர் தெரியாத ஒரு பூச்சி. ஐந்தோடு நின்றுவிட்டது. பக்கத்தில் மாடு ஓட்டிக்கொண்டு வந்த பெரியவர், "என்ன தம்பி, தனியா உக்காந்து எண்ணிக்கிட்டு இருக்கீங்க?" என்று கேட்டார்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கரையில் நின்றபடி குளத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தம் சிறுவயதில் அதில் பிடித்த மீன்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். இரண்டு கை விரல்களும் தீர்ந்த பிறகும் அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். அம்மையார் ஸவானாவில் செய்தது போல, அந்த முதல் கணக்கை நான் என் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன்.